முளை மாத்திரை

மருந்து தோற்றுப்போய்விட்டது என்று டாக்டர் ஞானதிரவியம் சொன்னபோது உலகம்மாள் நம்பவில்லை. நம்பாமல் இருக்க அவளிடம் ஒரே ஒரு காரணம்தான் இருந்தது. முந்தின ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அண்ணன் பலவேசம் கழுகுப்பொத்தையின் உச்சிவரை நடந்தே ஏறி, அங்கிருந்து போன் போட்டு, வாரா வாரம் வேலைக்குப் பொத்தைவரை வந்தும் வீட்டுப்பக்கம் எட்டிப் பார்க்காததற்காக அவளை ஐந்து நிமிடம் மூச்சு விடாமல் திட்டியிருந்தான். திட்டு வாங்கிக்கொண்டே அவள் அழுதுவிட்டாள். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் அதே மனுஷன் "ஏ பிள்ள" என்று கூப்பிட்டுவிட்டு அடுத்த வார்த்தைக்கு இரண்டு தடவை காற்றை இழுப்பான்.

பொத்தை என்றால் மலை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாத பாறைக்குன்று. தென்காசிக்குக் கிழக்கே அப்படி எத்தனையோ பொத்தைகள் இருந்தன. இந்த 2041-ல் அவற்றில் பாதி சாலையாகவும் வீடாகவும் மாறி ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்துவிட்டன. கழுகுப்பொத்தையின் கிழக்குப் பக்கம் பலவேசத்தின் செட்டு, நாற்பத்திநாலு பேர், பாறையில் துளை போட்டு வெடி வைத்து உடைப்பவர்கள். மேற்குப் பக்கம் கிரஷர்களில் ஐந்நூறு பேர். இரண்டு பக்கமும் கிளம்பும் தூசி மைதா மாவைவிட மெல்லியது. இருபது வருடம் அதை இழுத்தால் நுரையீரலில் காற்று தங்கும் சின்னச் சின்னப் பைகள் ஒவ்வொன்றாகக் கிழிந்துபோகும். அப்புறம் நெஞ்சு முழுக்கக் காற்று இருக்கும், உடம்புக்குப் போய்ச் சேராது. அவர்களுடைய அப்பா அப்படித்தான் போனார். பதினேழு வயதில் அப்பாவின் துளை மிஷினைக் கையில் எடுத்தவன் பலவேசம். அவன் தின்ற தூசியில்தான் உலகம்மாள் நர்சிங் படித்தாள். அதை அவன் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை, அவள் ஒருநாளும் மறந்ததில்லை.

"உக்காரு உலகு. நான் சொல்றதைக் கேளு" என்றார் டாக்டர். கிழிந்த நுரையீரலுக்கென்று வந்த புது மருந்தைப் பலவேசத்தின் செட்டுக்குக் கொடுத்துப் பார்க்கும் சோதனைக்கு அவர்தான் பொறுப்பு. வாரா வாரம் பொத்தைக்குப் போய் மாத்திரை கொடுத்து, மூச்சை அளந்து எழுதிக்கொண்டு வருவது அவளுடைய வேலை. "நாப்பத்திநாலு பேர்ல இருபத்திரண்டு பேருக்கு நிஜ மாத்திரை. மிச்சம் இருபத்திரண்டு பேருக்கு வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எதுன்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நேத்துதான் அந்த லிஸ்டைத் திறந்தாங்க. நிஜ மாத்திரை தின்னவங்களுக்குப் புதுப் பைகள் முளைச்சிருக்கு."

"அதைத்தான சார் நானும் சொல்லுதேன்!"

"மாவு மாத்திரை தின்னவங்களுக்கும் அதே அளவு முளைச்சிருக்கு."

உலகம்மாள் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ரெண்டு பக்கமும் ஒரே முன்னேற்றம்னா, அதுக்கு மருந்து காரணம் இல்லைன்னு அர்த்தம். நாம கொடுத்த முகமூடியும், தினம் கொடுத்த முட்டையும்தான் காரணம்னு கம்பெனிக்காரன் எழுதிட்டான்."

"முட்டை தின்னா கிழிஞ்ச பை முளைக்குமா சார்?"

"முளைக்காது. அதான் எனக்கும் இடிக்குது. ரத்தத்துல வேற எல்லாருக்கும் மருந்து ஏறின மாதிரி காட்டுது. மாவு தின்னவனுக்கு எப்படி ஏறும்னு கேட்டேன். அது வைட்டமின் ஏ-யிலிருந்து செஞ்ச மருந்துதானே, உங்க ஊர்ல முருங்கைக்கீரை நிறைய திம்பாங்களேங்கிறான்." டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "உலகு, யாராவது மாத்திரையை மாத்திக்கிட்டாங்களா?"

"இல்ல சார். பொட்டலத்துல பேர் எழுதி, கையில கொடுத்து, கையெழுத்து வாங்கிருக்கேன்."

"எதுக்கும் போய் விசாரிச்சிட்டு வா. வியாழக்கிழமை நான் கையெழுத்துப் போட்டு அனுப்பணும். யாரும் மாத்தலைன்னா இத்தோட இந்த மருந்துக்கு மங்களம். கம்பெனி மூடிட்டுப் போயிருவான், திரும்ப யாரும் தொடமாட்டான். ஆனா ஒப்பந்தப்படி குடோன்ல இருக்கிற நிஜ மாத்திரையெல்லாம் சோதனைக்கு வந்தவங்களுக்கே வந்துரும். நாப்பத்திநாலு பேருக்கு ஒரு வருஷத்துக்குச் சரியா இருக்கும்."

"இன்னும் ஒரு வருஷம் தின்னா?"

"முளைச்ச பை நிலைச்சிரும். இப்ப அது இளசு. மருந்தை நிப்பாட்டினா நாலஞ்சு மாசத்துல சுருங்கிப்போயிரும்."

"மாத்தியிருந்தா?"

"சோதனை செல்லாது. ஆனா மருந்து பிழைச்சிரும். வேற இடத்துல, வேற ஆளுங்களை வச்சு முதல்லருந்து ஆரம்பிப்பான். இவங்களுக்கு மிச்ச மாத்திரை கிடைக்காது, விதியை மீறினவங்களாச்சே. ஒருதடவை மருந்து தின்னவங்களை அடுத்த சோதனையில சேக்கவும் மாட்டான்."

பொத்தைக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து உலகம்மாள் வேண்டிக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். மாற்றியிருக்கக் கூடாது. ஒரு நர்ஸ் வேண்டிக்கொள்ளக்கூடிய காரியமா இது என்று தன்னையே ஒருமுறை கேட்டுக்கொண்டாள். பதில் வருவதற்குள் நிறுத்தம் வந்துவிட்டது.

அவள் போனது சாப்பாட்டு நேரம். பலவேசத்தின் செட்டில் சாப்பாட்டுக்கு ஒரு முறை உண்டு. நாற்பத்திநாலு தூக்குச்சட்டியும் தகரக் கொட்டகைக்குள் ஒரு பெரிய அலுமினியக் குண்டானில் கவிழும். ஒருத்தன் வீட்டில் மீன்குழம்பு, ஒருத்தன் வீட்டில் வெறும் கஞ்சி, இன்னொருத்தன் பெண்டாட்டியோடு சண்டை போட்டுவிட்டு ஊறுகாயும் சோறுமாக வந்திருப்பான். எல்லாவற்றையும் ஒன்றாகக் கிளறி, எல்லாருக்கும் ஒரே அகப்பையால் அள்ளிப் போடுவார்கள். ருசியைப் பற்றி மட்டும் யாரும் கேட்கக்கூடாது. வெடி வைக்கிற இடத்தில் ஒருவன் பசியில் கை நடுங்கினால் பக்கத்தில் நிற்கிறவனும் சேர்ந்து போவான் என்று எந்தக் காலத்திலோ யாரோ ஏற்படுத்திய முறை அது. யார் வீட்டுச் சோறு எது என்று தெரிந்தால் மானக்கேடு, தெரியாமல் போனால் எல்லாருக்கும் சாப்பாடு.

"வா பிள்ள, நீயும் ஒரு தட்டு எடு" என்றான் பலவேசம். கன்னத்தில் சதை போட்டிருந்தது. குனிந்து நிமிர்ந்து பரிமாறினான்.

உலகம்மாள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தாள். எல்லாருக்கும் உதடு வெடித்திருந்தது. ஒன்றரை வருடமாக அதற்குத் தேங்காயெண்ணெய் தடவச் சொல்லிவந்தவள் அவள்தான். வெயில் என்று நினைத்திருந்தாள். அந்த மருந்து தின்றால் உதடு காய்ந்து வெடிக்கும் என்று முதல் நாள் வகுப்பில் டாக்டர் சொன்னது அப்போதுதான் உறைத்தது. இருபத்திரண்டு பேருக்கு வெடிக்கலாம். நாற்பத்திநாலு பேருக்கும் எப்படி வெடிக்கும்?

"அண்ணே, வெள்ளிக்கிழமை நான் கொடுத்துட்டுப் போற மாத்திரையை என்ன செய்வீங்க?"

"திங்கோம். தலையிலயா தடவுவோம்?"

"உன் பொட்டலத்தை நீதான திங்க?"

பலவேசம் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "என் பொட்டலம் என்ன, அவன் பொட்டலம் என்ன? நீதான பிள்ள சொன்ன, பாதிப் பேருக்கு வெறும் மாவுன்னு. யாருக்குன்னு உனக்கே தெரியாதுன்னும் சொன்ன. அதைக் கேட்ட பொறவு ஒருத்தனுக்கு நிஜமும் ஒருத்தனுக்குப் பொய்யுமா எப்படித் திங்க? நீ அங்கிட்டு பஸ் ஏறினதும் எல்லாத்தையும் இந்தக் குண்டான்ல கொட்டி, நல்லா குலுக்கி, ஆளுக்குப் பதினாலு எண்ணிக் கொடுத்துருவேன். எல்லாருக்கும் பாதி மருந்து, பாதி மாவு. யாருக்கும் குறை இல்ல பாரு."

சுற்றிலும் இருந்தவர்கள் பெருமையாகத் தலையாட்டினார்கள்.

உலகம்மாள் தட்டைக் கீழே வைத்தாள். வேறு இடங்களில் சோதனைக்கு ஒப்புதல் வாங்குகிறவர்கள் தாளை நீட்டி, வாய்க்குள் ஏதோ முனகி, பெருவிரலைப் பிடித்து மையில் அமுக்கிவிட்டுப் போவார்கள். அவள் மட்டும் இதே கொட்டகையில் ஒரு மணி நேரம் நின்று பேசினாள். "நீங்க எல்லாரும் அம்மா வயித்துல இருக்கையில நுரையீரலைப் பை பையா முளைக்க வச்சது இந்தச் சத்துதான். வளந்த பொறவு உடம்பு அந்த வேலையை நிப்பாட்டிரும். இந்த மாத்திரை போய் 'திரும்ப முளை'ன்னு சொல்லும். வயித்துப் பிள்ளைக்கு ஆகாது, அதனால பொம்பளைகளுக்கு மட்டும் கிடையாது" என்று பச்சைப்பிள்ளைக்கும் விளங்குகிற மாதிரி சொன்னாள். மாவு மாத்திரையையும் மறைக்கவில்லை. டாக்டர் அதற்காக அவளைப் பத்துப் பேர் முன்னால் பாராட்டினார். இத்தனை நன்றாக விளக்காமல் இருந்திருந்தால் இவர்கள் கலந்திருக்கவே மாட்டார்கள். மருந்து ஜெயித்திருக்கும்.

பாதி அளவிலேயே இவ்வளவு முளைத்திருக்கிறது. முழு அளவு தின்றால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே அவளுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

"என்ன பிள்ள, முகம் ஒரு மாதிரி போகுது? தப்பா எதுவும் பண்ணிட்டமா?" பலவேசம் அகப்பையைக் கீழே வைத்தான். "தப்புன்னா சொல்லு. நானே டவுனுக்கு வந்து டாக்டர் அய்யாகிட்ட நடந்ததைச் சொல்லிருதேன். கலந்தது நான்தான்னு எழுதிக்கூடக் கொடுக்கேன்."

சொல்லிவிடுவான். அவன் அப்படிப்பட்ட ஆள். மருந்து தோற்றது உங்களால்தான் என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், சாப்பிட்ட கையோடு பஸ் ஏறிவிடுவான். அதன்பிறகு குடோனில் இருக்கிற மாத்திரை ஒன்றுகூட இந்தப் பக்கம் வராது. அடுத்த கார்த்திகைக்குள் அவனுடைய நெஞ்சு பழையபடி ஆகிவிடும்.

"தப்பெல்லாம் ஒண்ணும் இல்லண்ணே" என்றாள் உலகம்மாள். வாய் தானாகவே மேலே பேசியது. "மருந்து ஜெயிச்சிருச்சு. அதைச் சொல்லத்தான் வந்தேன். இனி எல்லா ஆஸ்பத்திரிக்கும் வரும். உங்களுக்கு மட்டும் கம்பெனி முன்கூட்டியே ஒரு வருஷத்துக்குத் தருது."

கொட்டகையில் விசில் பறந்தது. ஒருவன் குண்டானைக் கவிழ்த்துப் போட்டுத் தாளம் தட்டினான். பலவேசம் மட்டும் கத்தவில்லை. தங்கச்சியின் தலையில் கை வைத்து, "அப்பாவுக்குக் கிடைக்காமப் போச்சே" என்றான்.

வியாழக்கிழமை டாக்டர் ஞானதிரவியம் படிவத்தைத் திருப்பி வைத்துப் பேனாவை மூடாமல் காத்திருந்தார். "கேட்டியா? யாராவது மாத்திக்கிட்டாங்களா?"

உலகம்மாளுக்கு மேற்குப் பக்கத்து ஐந்நூறு பேரும் ஞாபகம் வந்தார்கள். சேலத்திலும் கரூரிலும் ராஜஸ்தானத்திலும் கல் உடைப்பவர்கள் வந்தார்கள். பஞ்சு மில்லில் இருமுகிறவர்கள், அடுப்புப் புகையில் நெஞ்சு கருகிய கிழவிகள், கணக்கில்லாத பேர் வந்தார்கள். அத்தனை பேருக்கும் முகம் இல்லை. பலவேசத்துக்கு முகம் இருந்தது. அவள் செய்தது பாவம்தான். தெரிந்தேதான் செய்தாள்.

"யாரும் மாத்தல சார்."

டாக்டர் அவளை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். "முருங்கைக்கீரைதான் போல" என்று மட்டும் சொன்னார்.

மாத்திரை வந்தது. உலகம்மாளே கொண்டுபோய், ஒவ்வொருவர் வீட்டுக்கும் நடந்து, கையில் கொடுத்தாள். இப்போது எல்லாமே நிஜ மருந்து, ஒரே மாதிரி, கலக்க வேண்டிய அவசியமே இல்லை என்று வீட்டுக்கு வீடு சொன்னாள். அண்ணன் வீட்டில் மதினி பேச்சியம்மாளிடம் இரண்டு தடவை சொன்னாள். பேச்சியம்மாள் பெட்டியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அந்த மாதமே அவளைத் தூத்துக்குடியில் வேறொரு சோதனைக்கு மாற்றினார்கள். கேட்டு வாங்கிக்கொண்ட மாற்றல் அது. டாக்டரின் முகத்தைத் தினமும் பார்க்க அவளால் முடியவில்லை. அண்ணனுக்கு ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் செய்தாள். முதல் இரண்டு மாதம் திட்டு நீளமாக விழுந்தது. பிறகு குறைந்தது. "வேலை கிடக்கு, வையி" என்று வைத்துவிடுவான். அவளும் வேலை என்றே நினைத்துக்கொண்டாள். அப்படி நினைப்பது வசதியாக இருந்தது. ஆறாவது மாதம் பேச்சியம்மாள் கூப்பிட்டு, "ஒரு எட்டு வந்துட்டுப் போ உலகு" என்றாள்.

பலவேசம் கட்டிலில் இரண்டு தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்திருந்தான். வாயைக் குவித்து, கழுத்து நரம்பு தெறிக்க மூச்சை இழுத்தான். கன்னத்துச் சதை போயிருந்தது. உதட்டைப் பார்த்தாள் உலகம்மாள். ஒரு வெடிப்புகூட இல்லை, வழுவழுவென்று இருந்தது.

"மாத்திரையைத் திங்கலையா?"

"தின்னேனே." இழுத்தான். "ஒரு மாசம். எல்லாரும்... ஒரு மாசம்."

"பன்னிரண்டு மாசத்துக்குல்ல கொடுத்தேன்! மிச்சம் எங்க?"

பேச்சியம்மாள் வாசற்படியில் நின்றபடி பதில் சொன்னாள். "மேற்குப் பக்கத்துல இருந்து நாலு பேர் வந்தாவ. எங்களுக்குக் கிடையாதான்னு கேட்டாவ. அவ்வளவுதான். மறுநாள் செட்டு முழுக்க அவனவன் பெட்டியைத் தூக்கிட்டுப் போய்க் குண்டான்ல கொட்டிட்டான். ஐந்நூத்துச் சொச்சம் பேருக்குப் பங்கு வச்சிட்டாவ. நான் விழுந்து புரண்டு அழுதேன், கேட்டாத்தான."

"பொம்பளைகளுக்கும் கொடுத்தீங்களா?" உலகம்மாளின் குரல் கீச்சிட்டது.

"நீதான ஆகாதுன்ன." பலவேசம் கோபப்பட்டான். "அது எங்களுக்குத்... தெரியாதா? ஆம்பளைகளுக்கு மட்டும்தான்."

"ஏண்ணே இப்படிப் பண்ணின? உன் உசுருல்ல அது!"

அவன் சிரிக்கப் பார்த்தான். இருமல் வந்துவிட்டது. அடங்கியபிறகு, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தான். "மருந்துதான் ஜெயிச்சிருச்சே பிள்ள. நீதான சொன்ன. எப்படியும் ஆஸ்பத்திரிக்கு வரப்போகுது. வாரது வரைக்கும்... ஒருத்தன் மட்டும் மூச்சு விட்டு, பக்கத்துல ஒருத்தன் பாத்துக்கிட்டு இருக்கவா? எல்லாரும் ஒரு மாசம் நல்லா இருந்தோம். சந்தோஷமா இருந்துச்சு. இனி வந்தா தின்னுக்கிடுவோம்."

அவள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். ஒரு பொய்யைச் சொல்லி அவனுக்கு ஒரு வருடம் வாங்கிவந்தாள். அந்தப் பொய்யை நம்பி அவன் அதை ஊருக்குக் கொடுத்துவிட்டான். மருந்து தோற்றது, இனி வராது என்று அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒருவேளை அவனே பெட்டியைப் பத்திரமாக வைத்திருப்பான். ஒருவேளை டவுனுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லியிருப்பான், மருந்தாவது பிழைத்திருக்கும். இப்போது மருந்தும் இல்லை, மாத்திரையும் இல்லை. யாரைத் திட்டுவதென்றும் தெரியவில்லை, திட்டு வாங்குகிற இடத்தில் அவள் மட்டும்தான் நின்றாள்.

"எப்ப வருதாம்?" என்றான் பலவேசம். "டாக்டர் அய்யா தேதி... எதுவும் சொன்னாரா?"

பேச்சியம்மாளும் உள்ளே வந்து நின்றாள். இரண்டு பேரும் அவள் வாயையே பார்த்தார்கள்.

"அடுத்த மாசம்ணே" என்றாள் உலகம்மாள்.

"நிஜமாவா உலகு?" பேச்சியம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அடுத்த மாசமே வந்துருமா?"

"ஆமா மதினி."

பேச்சியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அரிசிப் பானைக்குள் கையை விட்டுத் துழாவி, துணியில் இறுக முடிந்த ஒரு பொட்டலத்தை எடுத்தாள். புருஷன் பக்கம் திரும்பி, திருட்டுத்தனம் பிடிபட்டவள்போல நின்றாள். "திட்டாதீக. நீங்க கொட்டப் போறதுக்கு முன்னாடி நாலு மாசத்துக்கு எடுத்து ஒளிச்சு வச்சேன். உங்களுக்குத் தெரிஞ்சா இதையும் தூக்கிக் கொடுத்துருவீகன்னு வெளிய எடுக்கல. கஞ்சியில கரைச்சுக் கொடுத்துருவோம்னு பாத்தேன், எவ்வளவு கரைக்கணும்னு தெரியல. அதைக் கேக்கத்தான் உலகம்மாளைக் கூப்பிட்டேன்."

பலவேசம் அவளைத் திட்டவில்லை. பொட்டலத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "கிரஷர்ல வேலை பாக்குற சொடலை மவன் படுத்துட்டானாம்" என்றான். "முப்பது வயசுப் பய. அவனுக்குக் கொண்டு கொடு. எனக்குத்தான் அடுத்த மாசம் வந்துருமே."

"நானும் அதைத்தான் நினைச்சேன்" என்றாள் பேச்சியம்மாள். முகம் தெளிந்திருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு, பொட்டலத்தை முந்தானைக்குள் வைத்து, வெயிலில் இறங்கித் தெருவில் நடந்தாள்.

தடுக்க வேண்டுமென்றால், மருந்து இனி வரவே வராது என்கிற அந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உலகம்மாள் வாசல்வரை போனாள். மதினி தெருக்கோடியில் திரும்பி மறைகிறவரை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, உள்ளே வந்து அண்ணனின் முதுகுக்குத் தலையணையைச் சரிசெய்தாள்.